மலைக்கு ஒரு பாம்பு

சென்ற இதழில் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். இந்த முறை பனமரத்துப்பட்டி. வழியெல்லாம் அரளித் தோட்டம். ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் கொடுத்த ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஜருகுமலை, அதற்கப்பால் போதமலை. வடக்கே சேலத்தைத் தாண்டினால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன்.

நமக்கு இவை பக்கத்துப் பக்கத்து மலைகள். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புக்கு அப்படியில்லை.

விரல் பருமனுள்ள, விஷமில்லாத பாம்பு அது. கூர்ந்த தலையால் ஈரமண்ணைத் துளைத்து மண்புழு தின்று வாழும். மழை குறைந்தால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் காயும் சேலத்துச் செம்மண்ணைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக அதனால் ஆகாது. 1863இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சேர்வராயனில் கிடைத்த கேடயவாலுக்கு ஷார்ட் என்பவரின் பெயரைச் சூட்டினார். பிறகு வந்தவர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட, 2014இல்தான் கணேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அது தனி இனமே என்று மீட்டெடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ஏங்கல்ஸும் கணேஷும் போதமலைப் பாம்பொன்றை ரைனோபிஸ் கோவேரி என்ற புதிய இனமாக அறிவித்திருந்தார்கள். இரண்டும் நேர் உடன்பிறப்புகள் அல்ல, பேரினமே வேறு. ஆனால் இரண்டையும் மலையிலேயே நிறுத்தி வைத்திருப்பது ஒரே வெயில்தான்.

உடன்பிறப்புகள் பிரியும் கதையைப் பல்லிகளிடம் கேட்கலாம். நெமாஸ்பிஸ் என்ற பேரினத்துப் பல்லிகள் பகலில் நடமாடுபவை. கண்மணி வட்டமாக இருக்கும். பாறை இடுக்கின் நிழலும் குளிர்ச்சியும் இவற்றுக்கு வேண்டும். 2000இல் ஏற்காட்டின் பெயரோடு ஓர் இனம் அறிவிக்கப்பட்டது. 2019இல் சேர்வராயன் மலைத்தொகுதியிலிருந்தே மேலும் இரண்டு. அதே ஆண்டு, சங்ககிரிப் பாறைகளிலிருந்து நெமாஸ்பிஸ் அகர்வாலி.

மலைக்கு மலை இப்படி இனம் பிரிவது எப்படி நடக்கிறது? ஈரம் மிகுந்த காலங்களில் காடு தாழ்ந்த நிலம்வரை பரவும், உயிர்களும் கூடவே பரவும். வறட்சி வந்தால் காடு மலையுச்சிகளுக்குச் சுருங்க, கூட்டங்கள் துண்டாகி, ஒன்றோடொன்று இணைசேர வழியின்றிப் போகும். அங்கங்கே தோன்றும் சிறு மரபுமாற்றங்கள் அங்கங்கேயே தங்கிவிடும். பாறையும் வெப்பமும் மலைக்கு மலை வேறு என்பதால், பிழைத்து நிற்கும் உடலும் வேறாகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்து காடு மீண்டும் இணைந்தாலும் இரு கூட்டமும் ஒன்றுசேர முடியாத நிலை வந்துவிடலாம். கடல் சூழ்ந்த கலாபகஸ் தீவுகளில் டார்வின் கண்டதை இங்கே வறண்ட சமவெளி செய்திருக்கிறது.

எனக்குக் கவலை பாறைகளைப் பற்றித்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கருங்கல் குவாரிகளுக்குக் குறைவில்லை. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். ஒரே குன்றில் வாழும் பல்லிக்கு அந்தக் குன்று போனால் ஒதுங்க வேறு இடமில்லை. குவாரிக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் அந்தப் பல்லியின் பெயரும் இடம்பெற வேண்டும்.

கொல்லிமலையின் பெயரையே தாங்கிய பல்லியும் உண்டு: ஹெமிடாக்டிலஸ் கொல்லியென்சிஸ். அடுத்த இதழில் அதன் பாறைகளைத் தேடி ஏறுவோம்.