ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை

2025 ஆகஸ்ட் கடைசியில் நொய்டாவில் ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. கைப்பேசித் திரையின்மேல் ஒட்டும் டெம்பர் கிளாஸை இந்தியாவிலேயே தயாரிக்கும் ஆலை. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் திறந்துவைத்தார். இத்தனை காலமும் இந்தக் கண்ணாடி பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. செய்தியில் முதலீடு இருந்தது, உற்பத்தி அளவு இருந்தது. ஒட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பேருந்து நிலையம் இருக்கிற ஊரிலெல்லாம் அவர்கள் இருக்கிறார்கள். உத்தமபாளையத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கம்பத்தில் தனக்குப் பழக்கமான கடை இருக்கிறது, வாருங்கள் என்றார்.

நான் போனபோது தென்மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போலக் கம்பமும் மேற்குக் காற்று நுழையும் கணவாய். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, கம்பத்துக் கடைத்தெருவில் புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் பேச்சு, “அண்ணே, அந்தக் கதவச் சாத்திட்டு வாங்க. தூசி வருது” என்பதுதான். சொன்னவர் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். அந்தப் புழுக்கத்தில், நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, மேசை விளக்குக்குக் கீழே ஒரு கைப்பேசியை வைத்தார். ஒரு நாளில் எத்தனை முறை அந்த ஸ்விட்சை அணைத்துப் போடுவார் என்று அவருக்கே கணக்கில்லை.

கிளாஸ் ஒட்டுவது யாரும் வீட்டில் செய்துகொள்ளக்கூடிய வேலை என்றுதான் தோன்றும். ஈரத் துணியால் துடை, காய்ந்த துணியால் துடை, ஸ்பீக்கர் துளையைப் பார்த்து நேராக வை, நடுவில் ஒரு விரலால் அழுத்து. அடியில் பூசியிருக்கும் சிலிகான் பசை நடுவிலிருந்து ஓரம் வரை தானே பரவிப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்தது, தூசி இல்லையென்றால். காற்றுக் குமிழியை விரலால் தள்ளி வெளியேற்றிவிடலாம். தூசியால் வந்த குமிழி எத்தனை முறை தள்ளினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அங்கே கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் துகளை எடுப்பதுதான் இந்தத் தொழில். அவர் இடது கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் வளர்த்து, நுனியைத் தேய்த்து வைத்திருக்கிறார். அந்த நகத்தைக் கண்ணாடியின் மூலைக்கு அடியில் விட்டு, குமிழி இருக்கும் இடம் வரை தூக்குகிறார். வலது ஆள்காட்டி விரலில் செல்லோ டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி சுற்றியிருக்கிறார். அந்த விரல் உள்ளே போகிறது, தொடுகிறது, வெளியே வருகிறது. நகத்தை விட்டதும் கண்ணாடி தானாகப் படிகிறது. பெட்டியோடு வரும் தூசி ஸ்டிக்கரை அவர் தொடுவதேயில்லை. “அது பழசானா பசைய விட்டுரும்ணே. பெறகு அதையும் சேத்துத்தான் எடுக்கணும்.” பிளேடும் கிடையாது. “ஓரம் பேந்துரும்.”

அவர் சொல்வது சரிதான். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள இந்தக் கண்ணாடியை, ஏறத்தாழ 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் மூழ்கவைத்து எடுக்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் புகுந்து நெருக்குகின்றன. அந்த நெருக்கம்தான் பலம். விளிம்புதான் இதன் பலவீனம். அங்கே ஒரு சில்லு பெயர்ந்தால் கீறல் உள்ளே ஓடும். பள்ளிக்கூடத்தில் இதை அவர் படித்ததில்லை. வீணான கண்ணாடிகளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

பிளஸ் டூ முடித்ததும் அவரும் அம்மாவோடு மலைக்குப் போனவர்தான். விடியுமுன் ஜீப் வந்துவிடும். தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போவார்கள். மழை, அட்டைக்கடி, சாயங்காலம் திரும்ப அதே ஜீப். “எனக்குப் பனி ஒத்துக்கலண்ணே. மூச்சு வாங்கிருச்சு. அம்மாதான் நீ வராதன்னு சொல்லிருச்சு.” கடையில் ரீசார்ஜ் போடச் சேர்ந்தார். கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்குப் போய்விட, அந்த இருக்கை இவருக்கு வந்தது. அம்மா இன்னும் மலைக்குப் போகிறார்.

சாயங்காலம் ஜீப்புகள் இறங்கியதும் கடை நிறைகிறது. அந்த நேரத்தில் வருகிற கைப்பேசிகளைப் பார்க்க வேண்டும். கத்தி, சில்லறை, தூக்குவாளி எல்லாவற்றோடும் ஒரே பையில் கிடந்தவை. திரை முழுக்கக் கோடுகள். அட்டைப்பெட்டியில் 9H என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் கீறுகிறது என்று வாங்குகிறவர்கள் இவரிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். 9H என்பது பென்சில் அளவு. 9H பென்சிலால் இழுத்தால் கோடு விழாது, அவ்வளவே. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. அது கீறத்தான் செய்யும். சில பெட்டிகளில் போட்டிருக்கும் 11D என்பது எந்தச் சோதனையின் அளவும் இல்லை. பெட்டியில் அச்சடித்தவன் பொய்க்குப் பதில் சொல்வது கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்.

நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் ஒருவரும் அன்று வந்திருந்தார். 2023 ஜனவரி முதல் அந்த வேலையில் வருகைப்பதிவு கைப்பேசிச் செயலி வழியாகத்தான், படத்தோடு ஏற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள். திரை உடைந்து விரலுக்கு வேலை செய்யாமல் போனால் பல பேர் கூலிக்கே சிக்கல். அவர் பேரம் பேசாமல் ஒட்டிக்கொண்டு போனார். வேலையின் மதிப்பு தெரிந்த வாடிக்கையாளர் என்று அன்று நான் கண்டது அவர் ஒருவரைத்தான்.

வளைந்த திரைக்குப் போடும் யுவி கிளாஸ் பற்றியும் ஒரு சொல். திரவப் பசையை ஊற்றி, புற ஊதா விளக்கில் காயவைப்பது. பசை ஸ்பீக்கருக்குள் இறங்கிவிட்டால் போனே கெட்டுவிடும். லாபம் அதில்தான் அதிகம். அதையும் மீறி, பழைய போனாக இருந்தால் இவர் வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறார்.

இனிப் பணக்கணக்கு. சரக்கு பெரிய நகரத்து மொத்த வியாபாரிகளிடம் இறங்கி, மதுரை வழியாகக் கம்பத்துக்கு வருகிறது. ஒவ்வொரு கையும் தன் லாபத்தை எடுத்துக்கொண்டுதான் அடுத்த கைக்குத் தள்ளுகிறது. கட்டைப் பிரித்தால் சிலது ஓரம் உடைந்திருக்கும். மொத்த வியாபாரி திருப்பி எடுக்கமாட்டார். வாங்குகிறவர் நூறு ரூபாயை ஐம்பதாகக் குறைக்கச் சொல்வார். எல்லா நட்டமும் உருண்டு வந்து நிற்கும் இடம் கடைசி மேசை. இவர் ஒட்டும்போது ஒன்று உடைந்தால் அதை ஒரு நோட்டில் எழுதி மாதச் சம்பளத்தில் கழிக்கிறார்கள். தூசி காற்றோடு வந்தது, விளிம்பு உடைந்தே வந்தது. கழிவது இவர் கூலி. இது எந்த ஊர் நியாயம்? கண்ணாடியை எங்கே செய்வது என்று நாடே பேசுகிறது, நல்லது, பேசட்டும். சீனாவிலிருந்து வந்தாலும் நொய்டாவிலிருந்து வந்தாலும் அந்தக் கழிவு இந்த நோட்டில்தான் ஏறப்போகிறது என்றால், ஒட்டுகிறவருக்கு அதில் என்ன மாறும்?

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உடைந்த கண்ணாடியைக் கடைச்செலவில் எழுதுங்கள், ஆளின் சம்பளத்தில் எழுதாதீர்கள். வாங்குகிறவர்களுக்கு: கிளாஸ் விலையில் பேரம் பேசுங்கள், ஒட்டுகிற கூலியில் பேசாதீர்கள். அந்தக் கூலியைத் தனியாகக் கேட்டு, ஒட்டியவர் கையிலேயே கொடுங்கள்.