பார்க் எக்ஸின் பழைய ஸ்ரேசன்

எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு பார்க் எக்ஸ்ரென்சன்தான் ஊர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, அதற்குள் நாலைந்து பெடியன்கள், இரவில் வேலை, பகலில் நித்திரை. புதிதாக யாரும் வருவதென்றால், "மெற்றோவில வந்து இறங்குங்கோ, பழைய ஸ்ரேசனுக்கு முன்னால நில்லுங்கோ, வந்து கூட்டிக்கொண்டு போறம்" என்போம்.

பார்க் அவெனியூ வடக்கே ஏறி ழான் தலோன் வீதியில் முட்டுகிற இடத்தில் நிற்கிறது அந்தக் கட்டடம். உயர்ந்த ஜன்னல்களும் வெளிர்நிறக் கல் முகப்பும் கொண்டது. கொலின் டிரூவிற் வரைந்த திட்டப்படி கனேடியப் பசிபிக் ரயில்வே 1931இல் அதைத் திறந்தது. அதுவரை மைல் என்ட் நிலையத்தில் ஏறிய பயணிகள் இங்கே வரத் தொடங்கினார்கள். 1939 மே மாதம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் மொன்றியலுக்கு வந்தபோது இறங்கியது இங்கேதான்.

ஆனாலும் அரசரைவிட எனக்குப் பிடித்தவர்கள் சாதாரணப் பயணிகள். குளிர்கால வார இறுதிகளில் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்தபடி லோரன்சியன் மலைகளுக்கு ரெயில் ஏறியவர்கள் அவர்கள். அந்த மலைகளில் குடியேற்றங்கள் வளர ரெயில் வேண்டுமென்று ஓயாமல் வாதாடியவர் அந்துவான் லபெல் என்ற பாதிரியார். 1876இல் சென் ஜெரோமைத் தொட்ட பாதை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1909இல் மொன் லோரியே வரை போய்ச் சேர்ந்தது. பிறகு நெடுஞ்சாலையும் காரும் பயணிகளைக் கொண்டுபோயின. சென் ஜெரோமுக்கு வடக்கே அந்தப் பாதை இன்று இருநூறு கிலோமீற்றர் சைக்கிள் பாதை. எங்கள் ஸ்ரேசன் 1984இல் மூடப்பட்டது. மூன்று வருடத்தில் அதன் பக்கத்தில் பார்க் மெற்றோ வந்தது.

நாங்கள் விட்டு வந்த இலங்கையிலும், போரால் 1990இல் யாழ்தேவி ரெயில் யாழ்ப்பாணம் வருவது நின்றுபோனது. கூரையிழந்த யாழ்ப்பாண ஸ்ரேசனின் படங்களைப் பின்னாளில் பார்த்தபோது, ரெயில் இல்லாமலே முழுசாக நின்ற இந்தக் கட்டடத்தின்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரெயில் திரும்பியது 2014 ஒக்ரோபரில். இங்கே பழைய நிலையத்தை ஒட்டி, 1997இல் வடக்குப் புறநகர்களுக்கான ரெயில் ஓடத் தொடங்கியது. பயணிகள் காத்திருந்த மண்டபத்துக்குள் பலசரக்குக் கடை வந்தது. அங்கே பாலும் பாணும் வாங்கி, நிமிர்ந்து அந்த உயரக் கூரையைப் பார்த்தபடி வெளியே வருவேன்.

கிரேக்கர்களுக்குப் பிறகு பஞ்சாபியரும் வங்காளிகளும் நாங்களுமாக இந்தத் தண்டவாளங்களின் ஓரத்தில் வாழ்க்கையைத் தொடங்கினோம். ழான் தலோன் வீதியிலேயே துர்க்கை அம்மனுக்குக் கோயிலும் எழும்பியது. இப்போது தெற்கே, ஊட்ரமோனின் பழைய ரெயில் முற்றத்தில் மொன்றியல் பல்கலைக்கழகம் 2019இல் புதிய வளாகம் திறந்திருக்கிறது. படிப்பு வருவது நல்லது. ஆனால் அதைச் சுற்றி வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வீடு மாற வேண்டி வருகிறது.

பழைய ஸ்ரேசன் கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றியது சரியான காரியம். அதே அக்கறை, அதன் நிழலில் வாழ்கிறவர்களின் வீட்டு வாடகையிலும் காட்டப்பட வேண்டும். பார்க் மெற்றோவில் இறங்கும் தமிழர்களே, பிள்ளைகளோடு வரும்போது ஒருதரம் நின்று அந்த முகப்பைக் காட்டுங்கள். நாங்கள் இந்த நகரத்தில் காலூன்றிய இடம் இது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.