எடை மெஷினும் ஒரு டம்ளர் தண்ணீரும்

எடை மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், கம்பெனியை விசாரிக்கிறார்கள். வீட்டில் அதை எதன்மேல் வைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. நம் ஊர்க் குளியலறை இதற்கு ஆகவே ஆகாது. தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் வைத்துத் தளம் போட்டிருப்பார், ஈரம் வேறு. ஜமுக்காளம், மிதியடி, குழந்தைகள் உருள்கிற ரப்பர் பாய், இவற்றின்மேலும் வைக்கக்கூடாது.

காரணம் மெஷினைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். இப்போது கடைகளில் கிடைக்கும் கண்ணாடி மெஷினுக்கு நான்கு மூலையிலும் நான்கு குட்டிக் கால்கள். அளப்பது அந்தக் கால்கள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டிழை. நாம் ஏறியதும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. இழையும் கூடவே இழுபடுகிறது. அதன் மின்தடை மாறுகிறது. நான்கு கால்களிலும் ஏற்பட்ட மாற்றத்தைச் சேர்த்துத்தான் திரையில் எண் வருகிறது. ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கியிருந்தாலோ, விரிப்பு அமுங்கி மெஷினின் அடிவயிறு தரையைத் தொட்டாலோ, கால்களுக்குப் போகவேண்டிய பாரம் முழுசாகப் போய்ச் சேராது. மெஷின் பொய் சொல்லவில்லை. தன்மேல் விழுந்ததை மட்டும் சொல்கிறது.

ஆகவே கூடத்தில் ஆடாத, மட்டமான தரை ஒன்றைத் தேடி, அங்கேயே அதற்கு நிரந்தர இடம் கொடுத்துவிடுவது நல்லது. பெருக்கும்போது நகர்த்த நேர்ந்தால், முதலில் காலால் ஒரு அழுத்து அழுத்தி, பூஜ்யம் வந்து அணையும்வரை பொறுத்து, அதன்பிறகு ஏறவேண்டும். நகர்ந்த மெஷின் தன் பூஜ்யத்தை மறுபடி பிடித்துக்கொள்ள அந்தச் சில வினாடிகள் வேண்டும். கடற்கரையிலும் பேருந்து நிலைய வாசலிலும் நடைபாதையில் எடை மெஷினை வைத்துப் பிழைக்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். "செருப்பைக் கழட்டுங்க. பையைக் கீழ வைங்க. குனியாதீங்க, நேரா பாருங்க." முள் நின்ற பிறகு அவர்களே பார்த்துச் சொல்வார்கள். எடை பார்க்கும் முறையை இதைவிடச் சுருக்கமாக எந்த விளக்கப் புத்தகமும் சொன்னதில்லை.

டிஜிட்டல் மெஷின்களில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அவற்றில் பலவும் கடைசியாகப் பார்த்த எடையை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை ஏறும்போது வித்தியாசம் சொற்பமாக இருந்தால், புதிதாக வந்ததை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே காட்டும். பத்து முறை ஏறினாலும் ஒரே எண் வந்தால் "என்ன துல்லியம்!" என்று நாம் மெச்சுவோம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எடை குறைக்கிறவருக்கு இது பெரிய அநியாயம். ஒரு வாரம் பாடுபட்டுக் குறைத்த இருநூறு கிராமை அது விழுங்கிவிடும். உங்கள் மெஷின் எப்படி என்று அறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒருமுறை ஏறிப் பார்த்து இறங்குங்கள். நூறு கிராம் கணக்கில் காட்டும் மெஷின் என்றால், கையில் இருநூறு மில்லி தண்ணீரோடு மறுபடி ஏறுங்கள். எண் கொஞ்சம்கூட நகரவில்லை என்றால் அது நினைவிலிருந்து பேசுகிறது. அப்படிப்பட்ட மெஷினில் தினமும் முதலில் ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கவேண்டும். அந்தப் பெரிய எண் பழைய நினைவை அழித்துவிடும். பிறகு வெறுங்கையோடு ஏறினால் வருவது அன்றைய எடை.

அரிசி இன்னொன்றுக்கும் உதவும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டதிலிருந்து நம் ஆலைகள் 26 கிலோ சிப்பமாகக் கட்டுகின்றன. முதுகு தாங்குகிறவர்கள், பிரிக்காத சிப்பத்தைத் தூக்கி ஏறி, வெறும் எடையைக் கழித்துப் பார்க்கலாம். 26-ஐ ஒட்டி வந்தால் மெஷின் யோக்கியமானது. மளிகைக்கடைத் தராசைச் சோதித்து முத்திரை வைக்க அரசாங்க ஆய்வாளர் இருக்கிறார். வீட்டு மெஷினுக்கு நாம்தான் ஆய்வாளர். ஆனால் மெஷின் எப்போதும் ஒரு கிலோ கூட்டிக் காட்டினாலும் எடை குறைக்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. 83 என்பது 80 ஆனாலும் 82 என்பது 79 ஆனாலும் குறைந்தது மூன்று கிலோதான். இன்று கூட்டி, நாளை குறைத்துக் காட்டுகிற மெஷினைத்தான் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. அதே காரணத்துக்காகத்தான் வீட்டில் ஒன்று, ஜிம்மில் ஒன்று, டாக்டர் கிளினிக்கில் ஒன்று என்று மூன்று மெஷின்களின் எண்களைக் கலக்கக்கூடாது என்கிறேன்.

மெஷினை இவ்வளவு தூரம் ஒழுங்குபடுத்தின பிறகும் எண் ஆடும். இப்போது ஆடுவது உடம்பு.

போன மாதம் மதுரையிலிருந்து மதினி போன் செய்தார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிசியை நிறுத்தி, சாயங்காலம் நடந்து, சிரத்தையாகத்தான் இருந்தார். "தம்பி, நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில அளவாத்தான் சாப்பிட்டேன். காலையில பாத்தா ஒண்ணேகால் கிலோ ஏறியிருக்கு. எதுக்கு இந்தப் பாடெல்லாம்னு இருக்கு. இன்னிக்குச் சாப்பிடவே போறதில்ல." குரல் உடைந்திருந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் குரலால்தான்.

நான் அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்குமேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போகவேண்டும். ஒண்ணேகால் கிலோவுக்கு 9,600-க்கு மேல். ஓர் இட்லிக்கு 60 கலோரி என்று தாராளமாக வைத்தாலும் 160 இட்லி. "மதினி, நேத்து வழக்கமான சாப்பாட்டுக்கு மேல 160 இட்லி சாப்பிட்டீங்களா?" சிரித்துவிட்டார். ஏறியது கொழுப்பு இல்லை. அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பு என்று இலையில் இருந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பல நாள் கழித்துச் சாப்பிட்ட சோறும் பாயசமும் கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரோடுதான் உட்காரும். போதாததற்கு, உண்ட உணவின் மிச்சம் இன்னும் குடலில் இருக்கிறது. பட்டினி எதற்கு? இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டாலே இறங்கிவிடும். இதே காரணத்தால்தான் அரிசியை நிறுத்தின முதல் வாரத்தில் இரண்டு கிலோ மடமடவென்று இறங்குவதும். அதில் பெரும்பங்கு தண்ணீர் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், பிந்தைய வாரங்களின் மந்தம் மதினியை இப்படி வாட்டியிருக்காது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் உடம்பில் நீர் தங்கி எடை கூடும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கும் நாட்களிலும் அப்படித்தான்.

உடம்பின் இந்த ஆட்டத்தை முதலில் பொறுமையாக அளந்தவர் இத்தாலியின் சாண்டோரியோ. பதுவா நகரத்து மருத்துவர். பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே உண்டு, தன்னையும் உணவையும் கழிவையும் பல வருடங்கள் நிறுத்துக்கொண்டே இருந்தார். 1614-இல் புத்தகமாகவும் எழுதினார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். இரவு தூங்கி எழுந்தாலே எடை குறைந்திருப்பது இதனால்தான். கொழுப்பு எங்கே போகிறது என்பதற்கும் மூச்சுதான் விடை. ஆஸ்திரேலியாவின் மீர்மனும் பிரவுனும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்குக் காட்டினார்கள்: பத்து கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், 1.6 கிலோ தண்ணீராகும். இப்படி மூச்சு மூச்சாக நிதானமாகப் போகிற ஒன்றைக் காலை எண் ஒவ்வொரு நாளும் காட்டிக்கொடுக்க முடியாது. ஒரு வாரத்தில் அரைக் கிலோ கொழுப்பு குறைந்தால் ஒரு நாளைக்கு எழுபது கிராம். தண்ணீரோ ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும்.

அதனால் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரியான லேசான உடையில் தினமும் பார்ப்பது சரி. அந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் சரியில்லை. ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், தன் எடையைக் குறைத்தபோது இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார். முதல் நாள் எடையைப் போக்கு எண் என்று வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அதோடு சேர்த்துக்கொள்வது. போக்கு 82, இன்று மெஷின் காட்டுவது 83.2 என்றால், புதிய போக்கு 82.12. கல்யாணச் சாப்பாடு நூற்றிருபது கிராமாகச் சுருங்கிவிடுகிறது. காலண்டர் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு வேண்டாம் என்றால் ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டால் போதும். மதினி அதைத்தான் செய்கிறார்.

மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை மட்டும் ஒதுக்கிவிடச் சொன்னேன். பாதத்தின் வழியாகச் சிறு மின்னோட்டம் செலுத்தி உடம்பின் நீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது அது. பாதம் காய்ந்திருக்கிறதா, தண்ணீர் குடித்திருக்கிறோமா என்பதைப் பொறுத்து அந்த எண்ணும் மாறும்.

எடை எண் மட்டுமே எல்லாம் இல்லை என்றும் சொன்னேன். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்று வருடம் கவனித்தார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய குழுவில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி எடையோ பெரிதாக மாறவில்லை. மதினியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நடையை விடக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றார். எடையோடு வேறொன்றும் பார்க்க விரும்பினால், கொழுப்புச் சதவீதத்தைவிட இடுப்பளவு எவ்வளவோ மேல். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது டாக்டர்கள் சொல்லும் இடுப்பளவு எல்லை. தையல் டேப்பை மாதம் ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்ட பிறகு, தோல் அமுங்காமல் பிடித்துப் பார்க்கவேண்டும்.