நாய்க்கும் ஓர் அறை

பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் தோட்டத்தோடு கூடிய ஓட்டு வீடுகள் நிறைந்திருந்தவரை பெங்களூர் நாய்களுக்கு இடப் பிரச்சினை இருந்ததில்லை. கேட்டில் ‘நாயி இதே, எச்சரிகே’ என்ற பலகை. உள்ளே காம்பவுண்டு முழுக்க நாயின் ராஜ்யம். அந்த வீடுகளில் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. காலையில் கிளம்பி, டிராஃபிக்கில் ஊர்ந்து, இருட்டிய பிறகு திரும்பும் கணவன் மனைவியோடு மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஒரு லாப்ரடார் குட்டி குடித்தனம் நடத்துகிறது. சோபாவைக் குதறுகிறது, கார்ப்பெட்டை நனைக்கிறது, மின்சார ஒயரை மெல்கிறது. கூண்டு வாங்குங்கள் என்கிறார் பயிற்சியாளர்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பதறுவார். வாயில்லா ஜீவனைச் சிறை வைப்பதா? நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் பல வீடுகளில் நாய் பகல் முழுவதும் சங்கிலியில்தான் கிடக்கிறது. அதைச் சிறை என்று யாரும் சொல்வதில்லை.

கூண்டுப் பயிற்சி நாயின் ஓர் இயல்பை நம்பி நிற்கிறது. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது. அதனால் கூண்டுக்குள் இருக்கும் குட்டி முடிந்தவரை அடக்கிக்கொள்ளும். வெளியே அழைத்துப் போனதும் காரியத்தை முடிக்கும். உடனே பாராட்டினால் பாடம் மனதில் பதியும். நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். குட்டிக்கு அதைவிட மிகப் பெரிய கூண்டு வாங்கினால் ஒரு மூலை படுக்கையறை, மறு மூலை கழிப்பறை என்றாகிவிடும்.

பழக்குவதற்குத் தேவை பொறுமை. முதல் சில நாட்கள் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு போடவேண்டும். பிறகு சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தலாம். அப்புறம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இரவில் கூண்டு எஜமானரின் கட்டில் அருகே இருப்பது நல்லது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருமுறை உள்ளே தள்ளிப் பூட்டினாலும் இத்தனை நாள் பாடமும் வீணாகிவிடலாம்.

பழகிய நாய்க்குக் கிடைக்கும் லாபம் பெரிது. தீபாவளியன்று வெடிச்சத்தத்துக்கு நடுங்கிக் கட்டிலுக்கடியில் பதுங்கும் நாய்க்கு, உள்ளறையில் துணி போர்த்திய கூண்டு நல்ல அடைக்கலம். கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் கிடக்கவேண்டிய நாட்களும் சுலபமாகும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ரயிலில் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் ஏற்ற நேர்ந்தால், கம்பிக்குப் பின்னால் இருந்து பழகிய நாய் அவ்வளவாக மிரளாது.

ஆபத்து எங்கே என்றால், வசதியில்தான். பயிற்சிக்காக வந்த கூண்டு மெல்ல மெல்ல நாயைப் போட்டு வைக்கும் அலமாரியாகிவிடுகிறது. காலை ஒன்பதுக்குச் சாத்திய கதவு இரவு எட்டுக்குத் திறக்கிறது. குட்டியின் வயது எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும் என்பது பயிற்சியாளர்களின் தோராயக் கணக்கு. மூன்று மாதக் குட்டியைப் பதினோரு மணி நேரம் அடைத்தால் அது வேறு வழியின்றிப் படுக்கையிலேயே போகும். எந்த இயல்பை நம்பிக் கூண்டு வாங்கினார்களோ அதுவே அழிந்துபோகும். தனிமையைக் கண்டு பீதியடையும் நாய்களோ கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். சப்பை மூக்கு பக் போன்றவற்றுக்குக் காற்றோட்டமில்லாத கூண்டு கோடையில் எமன்.

சுவீடனில் வீட்டு நாயைக் கூண்டில் அடைத்து வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பயணம் போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் கூண்டைத் தடை செய்யவில்லை. ஆனால் அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், சங்கிலியிலோ கூண்டிலோ வழக்கமாக வைத்திருக்கும் நாயை உலாவ விடாமலிருப்பதும் அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நாய் பிஸ்கெட் பாக்கெட்டே அதைவிட அதிக விலைக்கு விற்கும் ஊரில், இந்தச் சட்டத்துக்குப் பயந்து யாரும் மதியம் வீடு திரும்பப்போவதில்லை.

ஆகவே கூண்டு வாங்குமுன் ஓர் ஆளைத் தேடுவது உத்தமம். மதியம் வந்து கதவைத் திறந்து நாயைக் கீழே நடத்திக் கூட்டிப்போக ஒருவர்: பக்கத்து ஃபிளாட்டின் ஓய்வுபெற்ற பெரியவரோ, கல்லூரி மாணவனோ, சம்பளத்துக்கு நாய் நடத்துபவரோ. அப்படி யாரும் அகப்படாவிட்டால், குட்டி வாங்குவதையே தள்ளிப்போடலாம்.