நடந்தே பார்க்கலாம் பினாங்கு

உல்லாசக் கப்பலில் பாங்காக் பார்க்கப் போகிறவர்கள் லேம் சபாங் துறைமுகத்தில் இறங்கி, நகரத்தின் முகத்தைப் பார்ப்பதற்குள் பேருந்திலேயே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பலைக் கட்டுகிறார்கள். பயணிகள் வெளியே வந்து சாலையைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். அப்படியிருந்தும் கரைக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி குளிர்சாதனப் பேருந்துகளில் ஏறி மலைப்பக்கம் போய்விட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் மட்டும் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்ததுதான் சரி. ஒரே ஒரு மாலைதான் கையில் இருந்தாலும் நடந்து பார்க்க நேரம் கிடைக்கும்; பினாங்கில் மாலை நீளமானது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் ஏழு மணி தாண்டியும் அங்கே வெளிச்சம் இருக்கும்.

துறைக்கு நேர் எதிரே நிற்பது விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகச் சீனச் செல்வந்தர் சியா சென் இயோக் தன் பணத்தில் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டு. ஆண்டுக்கு ஓரடியாக, அறுபது ஆண்டு ஆட்சிக்கு 60 அடி உயரம். விழா நடந்தது 1897இல். கட்டி முடித்தபோது ராணி உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளால் கூண்டு சற்றே சாய்ந்துவிட்டது என்கிறார்கள். அடுத்தே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடம் அது. காட்டை அழிக்க ஆள் பிடிப்பதற்காக, அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வழிகாட்டிகள் அந்தக் கதையை விடுவதாக இல்லை.

கடலோரமாகத் தெற்கே நடந்தால் குலத் துறைகள் வரும். தண்ணீருக்குள் கம்பங்கள் நட்டு, அவற்றின்மேல் பலகை வீடுகள். ஒவ்வொரு துறையிலும் பெரும்பாலும் ஒரே குலப்பெயர் கொண்ட சீனக் குடும்பங்கள். சியூ, லிம், டான், லீ, இயோ என்று துறைகளுக்கும் அந்தப் பெயர்களே. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதற்குச் சற்று முன்னால்தான், 2006இல், இரண்டு துறைகளை இடித்திருந்தார்கள். எஞ்சியவற்றில் பெரியது சியூ துறை. முன்பகுதி முழுக்க நினைவுப்பொருள் கடைகள். பலகைப் பாதையின் கோடிவரை போனால்தான் துணி காயும் கொடியும் சாமி மாடமும் உள்ள வீடுகளைப் பார்க்க முடியும். அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகக் கேமராவை உள்ளே நீட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

ஆர்மீனியன் வீதியில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. லிதுவேனியா ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த, நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்திய குழந்தைகள் படம் அழகானது. அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள நிற்கும் வரிசை அழகானதல்ல.

அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் திரும்பியதும் ஆசிரியரின் நடை மெதுவானது. 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளி. அதே சாலையில் சற்றுத் தள்ளிக் கருணை தேவி குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகையோடு. கோடியில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இடையில் சூலியா வீதி முனையில் நாகூர் தர்கா: நாகூர் ஆண்டவரின் பெயரால் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. பின்புறம் குயின் வீதியில், 1833ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் மகாமாரியம்மன் கோயில். மணியடிக்கும் நேரம். ஆசிரியரின் மனைவி வாசலில் பூ வாங்க நின்றார்.

“மல்லிகை போதுமாக்கா, கனகாம்பரமும் வேணுமா?” என்றார் பூக்காரப் பெண்.

“ரெண்டும் சேர்த்துக் கட்டிக் குடும்மா. என்னங்க, இங்கயும் முழம்தான்!”

சுற்றியுள்ள மார்க்கெட் வீதியில் மசாலாக் கடை, பாத்திரக் கடை, சேலைக் கடை, காதைப் பிளக்கும் திரைப்பாட்டு. பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில் வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான்.

இன்றைய உல்லாசக் கப்பல் பயணிக்குத் தெரிய வேண்டிய இன்னொரு கப்பல் ரஜுலா. 1926இல் கட்டப்பட்ட அது, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் பலருக்குப் பினாங்குதான் முதல் அயல்நாட்டு மண். அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே முடிந்துபோனது. இப்போது நீச்சல் குளமும் நடன அரங்கும் உள்ள கப்பல்கள் அந்தக் கடல்வழியின் ஒரு பகுதியில்தான் மிதந்து வருகின்றன.

இருட்டியதும் சாப்பாடு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு காலத்தில் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் தோள் தண்டில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதுதான் இன்றைய நாசி கண்டார். சோற்றின்மேல் கோழி, கணவாய், மீன் தலை, வெண்டைக்காய் என்று விரும்பியதைக் கேட்டு, கடைசியில் நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும். தனித்தனிக் கிண்ணத்தில் கேட்பவர் அதன் ருசியை அறியமாட்டார். அன்று விரதமாயிருந்த அம்மாள் பக்கத்துச் சைவக் கடையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஆசிரியர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

பினாங்கு மலையும் கெக் லோக் சி கோயிலும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அவற்றுக்கு முழுப் பகல் வேண்டும். ஒரே ஒரு மாலை கிடைத்தவர்கள் பேருந்துச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது, கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒரே நேரம்தானா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; தாமதமாக வருகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது.