மடியில் ஒரு சர்வர்

பசறை பஸ்ஸில் என் மடியில் ஒரு பழைய லேப்டாப். அதுதான் எங்க சர்வர்.

மூன்று தோட்டங்களில் பிள்ளைகள் படிக்கிற கணினி அறைகள். மூன்றிலும் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டரில் ஓப்பன்சென்ஸ் ஃபயர்வால். ஜனவரியிலும் ஜூலையிலும் அதுக்குப் புதுப் பதிப்பு வரும். நடுவில் ஓட்டை அடைக்கிற சின்ன அப்டேட்கள். ஒவ்வொரு அறையும் அதே ஃபைல்களை டொங்கிளில் தனித்தனியா இறக்கினால், உயர்தரப் பிள்ளைகளின் வகுப்புக்கு டேட்டா மிஞ்சாது. அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது நான்தான்.

பதுளை டவுனில், ஃபைபர் உள்ள நண்பன் வீட்டில் ஆர்சிங்க் போட்டு ஒரு மிரரை இறக்கினேன். லேப்டாப்பில் என்ஜின்எக்ஸ் ஓடும். ஃபயர்வாலின் ஃபர்ம்வேர் செட்டிங்கில் அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். முதல் தடவை போதவில்லை. கையொப்ப ஃபைல்களைத் தேவையில்லாதது என்று நினைத்து விட்டுட்டேன், ஃபயர்வால் மறுத்துவிட்டது. ஒரு பஸ் பயணம் வீண். எரிச்சல்தான், ஆனா என் லேப்டாப்பை அது ஏன் நம்பணும்?

"லயத்துக்கெல்லாம் ஒரே பீலி மாதிரியா?" என்றார் அம்மா. ஆமா. ஆனா இந்தப் பீலியில் யாராவது எதையாவது கலந்தா, தண்ணி குடத்தில் இறங்காது.

மூன்றாவது தோட்டம் இன்னும் பாக்கி. ஞாயிறு மழை விட்டால் போகணும்.