அம்மாச்சிக்கு ஜன்னல் சீட்டு

மதுரையில இருந்து ராமேஸ்வரத்துக்கு பஸ் பயணம்னு சொன்னதும், "இயற்கை எழில் கொஞ்சும்"னு ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனா பக்கத்துல அம்மாச்சி உட்கார்ந்திருந்தா எழில் எங்கே கொஞ்சுறது?

மேட்டர் இதுதான். அம்மாச்சிக்கு இடது கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள். தங்கச்சிமடத்துல தனியா இருக்குது. திரும்பக் கொண்டு போய் விடுற வேலை எனக்கு (பி.காம் மூணாம் வருஷம்னா வீட்ல எல்லாரும் நம்மளை வேலையில்லாதவன்னே முடிவு பண்ணிடுறாங்க). கிளம்பும்போது அம்மா தனியா கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாங்க. "பஸ்ல நாலு மணி நேரம் இருக்குல்ல, பக்குவமாப் பேசு. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கேயே வந்திரச் சொல்லு. நான் சொன்னா சண்டை வரும்."

மாட்டுத்தாவணியில ஏறினோம். தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்ததால ஜன்னல் சீட்டு எனக்குன்னு நான் சொல்ல, அம்மாச்சி கறுப்புக் கண்ணாடியோட ஒரு முறை முறைச்சுது. ரஜினி தோத்தார். கண்ணாடியை மூடி வைக்கணும்ங்கிற ஒப்பந்தத்தோட ஜன்னல் அம்மாச்சிக்கு.

ரெண்டு வருஷமா எல்லாமே புகை மூட்டமாத் தெரிஞ்ச கண்ணு. அதனால போர்டு போர்டா படிக்க ஆரம்பிச்சுடுச்சு. கீழடின்னு படிச்சதும், "இங்கதானே தோண்டுனாங்க?"ன்னு கேட்டுச்சு. நானும் பந்தாவா 2014ல ஆரம்பிச்ச அகழாய்வு, 2023ல திறந்த மியூசியம், செங்கல் சுவரு, உறைகிணறுன்னு அடிச்சு விட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அவ்வளவு நல்லா கட்டுன ஊரை ஏன்டா விட்டுட்டுப் போனாங்க?"ன்னுச்சு. முழிச்சேன்.

திருப்புவனம், அருவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி, மண்பானை மானாமதுரை எல்லாம் வரிசையா வந்துச்சு. வைகை கூடவே வருது, தண்ணிதான் வரலை. பரமக்குடியில பஸ் நின்னப்ப சொட்டு மருந்து போட்டேன். முன் சீட்டு அக்கா பாப்பாவைத் தூக்கிக் காட்டி "பாரு, ஆயாவே அழுகலை"ன்னாங்க. பேச்சை ஆரம்பிக்க இதுதான் நேரம்னு நினைச்சேன். "அம்மாச்சி, அந்த வீட்டுக்கு என்ன வாடகை வரும்?"னு ஒரு அக்கவுண்ட்ஸ் ஸ்டூடண்ட் மாதிரி கேட்டேன். "உங்க அம்மா கேக்கச் சொன்னாளா?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. அவ்வளவுதான், ராமநாதபுரம் வரைக்கும் கப்சிப். வெளியே ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.

உச்சிப்புளி தாண்டினதும் தென்னை, பனை, வெள்ளை மணல். காத்தோட வாசமே மாறுது. மண்டபம் வந்ததும் அம்மாச்சி ஒப்பந்தத்தை மீறி ஜன்னலைத் திறந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை.

பாம்பன் பாலத்துல நான் ஒரு ஐம்பது தடவையாவது போயிருப்பேன். 1988ல இந்த ரோட்டுப் பாலம் திறக்குற வரைக்கும் தீவுக்குப் போக ரயிலை விட்டா படகுதான். ரெண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மேல ஏறுனதும் ரெண்டு பக்கமும் கடல், ஒரு நேரத்துல பச்சை, ஒரு நேரத்துல நீலம். எப்பவும் நான் போட்டோ எடுப்பேன். அன்னைக்கு அம்மாச்சி முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

"அது என்னடா, ரயில் பாலம் ரெண்டாத் தெரியுது? ஆபரேஷன் சரியாப் பண்ணலையா?"

சிரிச்சுட்டேன். 1914ல கட்டின பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டதையும், பக்கத்துலயே புதுசு கட்டி 2025 ஏப்ரல்ல திறந்ததையும் சொன்னேன். பழசு கப்பல் வந்தா ரெண்டு கையையும் தூக்குற மாதிரி பிளந்து நிக்கும். புதுசுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேலே போகும்.

அம்மாச்சி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் தானா சொல்லுச்சு. "எங்க அப்பா என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு அந்தப் பாலத்தைக் காட்டுவாரு."

அம்மாச்சி பிறந்தது தனுஷ்கோடியில. 1964 டிசம்பர் புயல்ல பத்து வயசு. அதுக்கப்புறம் ஊரையே குடியிருக்க லாயக்கில்லைன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு நாங்க எல்லாரும் வேன் பிடிச்சுப் போனோம், அம்மாச்சி மட்டும் வரலை. அந்த ராத்திரி பத்தி இதுவரைக்கும் எங்ககிட்ட ஒரே ஒரு வரிதான் சொல்லியிருக்கு, "கட்டியிருந்த பாவாடையோட வந்தோம்"னு. பாலத்துல போன் அடிச்சுச்சு, அம்மா. "பேசிட்டியா?"ன்னாங்க. காத்து சத்தத்துல கேக்கலைம்மான்னு வச்சுட்டேன். நல்லாவே கேட்டுச்சு.

தங்கச்சிமடத்துல இறங்கி நடந்தோம். மணல்ல பாத்தி பாத்தியா மல்லிகை நாத்து. மதுரை மல்லின்னு நாம பீத்திக்கிற செடிகள்ல நிறைய இங்க நாத்தா வளர்ந்து போனதுதான் (மதுரைக்காரங்க மன்னிக்கவும்). அம்மாச்சி குனிஞ்சு ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துச்சு.

சுருக்குப்பையில இருந்து சாவி எடுத்து வீட்டைத் திறந்துச்சு. வாசப்படியிலேயே நின்னு சுத்திப் பார்த்துச்சு. சுவரு, அடுப்படி, கொடியில கிடந்த சேலை.

"அப்பு, வீடு இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு? ஏன்டா ஒருத்தரும் சொல்லலை?"

"தெரியலையே அம்மாச்சி..."

"அடுத்த கண்ணுக்கு தை மாசம் வர்றேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு. போயி வெளக்குமாறை எடுத்துட்டு வா."

சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும்னு நினைச்சிருந்தேன். ஒட்டடை அடிச்சு முடிக்கவே இருட்டிடுச்சு.